கோட்டைத் தலைவியின் நிறம்

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, முதல் நாள் எழுதிய நாட்குறிப்பை ஒருமுறை படித்தேன். எழுதியதை மறுநாள் காலையில் படித்துத் திருத்துவது என் வழக்கம்; சூடாக எழுதும்போது தெரியாத பிழை ஆறிய பிறகு தெரியும். கணவருக்கு இட்லியை மூடி வைத்தேன். ஸ்கூட்டியில் கிளம்பி, ரயில்வே கேட்டில் சரக்கு வண்டிக்காக நின்று, தொழிற்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். கலர் செக்‌ஷனைத் திறந்து, வண்ண ஜாடிகளின் மூடிகளை ஈரத்துணியால் துடைத்தேன். பிரஷ்களை முடி உதிர்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இதெல்லாம் முடியாமல் நான் யாரிடமும் பேச்சுக் கொடுப்பதில்லை. என்னோடு வேலை செய்கிற பெண்களுக்கு அது தெரியும்.

நான் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் கலர் செக்‌ஷன் சூப்பர்வைசர். கொலு பொம்மை, சாமி சிலை, கல்யாணப் பரிசுக்கான ஜோடி பொம்மை எல்லாம் எங்கள் வேலை. வெள்ளையாகப் பளபளவென்று வெந்து வரும் உருவத்துக்கு என் பகுதியில் வண்ணம் தீட்டி, சின்ன மின்சூளையில் இன்னொரு தடவை சுடுவோம். சாயங்காலம் அடுக்கினால் காலையில் திறக்கலாம்.

அந்த வாரம் வந்திருந்த ஆர்டர் நாங்கள் அதுவரை பார்க்காத வகை. சென்னையில் வீடியோ கேம் செய்கிற ஒரு கம்பெனி, தங்கள் கேமில் வரும் ஆட்களைக் கையடக்கப் பொம்மைகளாகச் செய்து கேட்டிருந்தது. மாயக் கோட்டை, மந்திரம், பூதம் என்று போகிற கதை. இளவரசன், கிழட்டு மந்திரவாதி, குள்ளக் கொல்லன், பச்சைக் கண்ணும் கூர்மையான காதும் கொண்ட காட்டுப்பெண், ஒரு பூதம், கோட்டையைக் காக்கிற படைக்குத் தலைவி என ஆறு உருவங்கள். சனிக்கிழமை சென்னையில் நடக்கும் கண்காட்சியில் வைப்பதற்காக.

வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க, அந்தக் கம்பெனியில் படம் வரைகிற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். கம்மாபுரம் பக்கத்துப் பெண். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு அவள் குடும்பம் எங்கள் ஊரான விருத்தாசலத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதனால் சொந்த வீட்டில் தங்கி, அம்மா கட்டிக் கொடுத்த சோற்றோடு எங்களிடம் வந்துபோனாள்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், லேப்டாப்பைத் திறந்து எங்களுக்கு அந்த கேமைக் காட்டினாள். பெயிண்டர்கள் மூன்று பேரும் சோற்றுக் கையோடு சுற்றி நின்றார்கள்.

மூவரில் மூத்தவள் பூதத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்குப் பொண்டாட்டி எங்க?" என்று கேட்டாள்.

"பொம்பள பூதமே கேம்ல வைக்கலக்கா."

"அப்ப அதுங்க எப்பிடிப் பெருகுது? நம்மள மாதிரி அச்சுல ஊத்தி எடுக்கறாங்களா?"

சிரிப்பு அடங்குவதற்குள் திரையில் காட்டுப்பெண் வந்தாள். தோளில் மட்டும் இரும்புத் தகடு. வயிறு முழுக்க வெளியே தெரிந்தது.

"இவ சண்டைக்குப் போறாளா, மணிமுத்தாத்துல குளிக்கப் போறாளா?" என்றாள் இன்னொருத்தி. "வயித்துல ஒரு குத்து வாங்குனா என்னாத்துக்கு ஆவறது?"

"அது எனக்கு முன்னாடி இருந்தவர் வரைஞ்சதுக்கா. நான் வரைஞ்சது இவ ஒருத்திதான்" என்று அவள் தலைவியைக் காட்டினாள்.

கழுத்து முதல் முழங்கால் வரை கவசம். அகலமான தோள். தலைக்கவசத்தின் விளிம்பில் சுருட்டை முடி பிதுங்கி நின்றது. நல்ல கறுப்பு. கண்ணில் யாருக்காகவும் வழிவிடாத ஒரு நிதானம்.

"பெண்ணாடத்துக்காரி மாதிரி இருக்கா" என்றாள் மூத்தவள்.

"கரெக்டுக்கா! எங்க சின்னம்மா அங்கதான் கரும்பு லோடு ஏத்துவாங்க. அந்தத் தோளுதான் இது."

இந்த மாதிரி விளையாட்டுகளில் விளையாடுகிறவரே தன் ஆளின் முகம், முடி, நிறம் எல்லாம் தேர்ந்தெடுக்கலாமாம். திரையில் ஒரு கோடு, அதன்மேல் ஒரு பொட்டு. பொட்டை இழுத்தால் தோலின் நிறம் மாறும். கல்லூரியில் படித்தபோது முதன்முதலாக ஒரு கேமில் தன் அம்மாவைப் போல ஒருத்தியை உருவாக்கப் பார்த்ததாகச் சொன்னாள்.

"கடைசி வரைக்கும் இழுத்தேங்கா. காப்பிக் கலருதான் வந்துச்சு, அதுவும் பாலு தூக்கலா. எங்கம்மா அந்தக் கோட்டத் தாண்டி எங்கியோ வெளிய நிக்கறாங்க."

"அப்புறம்?"

"பூதமா வெளையாடினேன். அதுக்குத்தான் நம்ம கலரு குடுத்திருந்தாங்க."

மூத்தவள், "பூதமா இருந்தா என்னா, அடிச்சியா இல்லியா?" என்றாள்.

"எல்லாரயும் அடிச்சேங்கா."

"அது போதும்."

அன்றைக்குத்தான் அவள் இன்னொன்றும் சொன்னாள். கேமின் முகமாக, அதாவது முகப்புப் படத்திலும் கண்காட்சி மேசையில் முன்வரிசையிலும் யாரை நிறுத்துவது என்று அவள் முதலாளி முடிவு செய்யவில்லை. காட்டுப்பெண்ணே போதும் என்று ஆபீசில் பாதிப் பேர் சொல்கிறார்கள். கறுப்பு நிறம் கண்ணுக்கு எடுபடாது, இருட்டாக இருக்கும் என்பது அவர்கள் பேச்சு. "பொம்மையா வரட்டும், பாத்துட்டுச் சொல்றேன்னு சார் சொல்லிட்டாரு. நல்லா வந்தா தலைவிதான். வரலன்னா மொதக் கட்டத்துலியே சாவற ஆளா மாத்திடுவாங்க. நாலு மாசமா அவளுக்காக ஆபீஸ்ல சண்ட போட்டுக்கினு இருக்கறேன்."

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் அடுக்கிய சூளையை அன்று காலையில் திறந்தோம். தட்டுகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வைக்கோலும் அட்டைப் பெட்டியும் போதுமா என்று பார்க்க நான் எங்கள் முதலாளியோடு ஸ்டோருக்குப் போனேன். தட்டுகள் பழுது பார்த்துப் பிரிக்கும் சோர்ட்டிங் பகுதிக்குப் போயின.

சோர்ட்டிங்கில் இருக்கும் அக்கா எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நகத்தால் ஒரு தட்டு, கட்டை விரலால் ஒரு தடவு. பீங்கானுக்குள் மயிரிழை விரிசல் ஓடினாலும் கண்டுபிடித்துவிடுவார். சாதாரணப் பொம்மையில் பழுது இருந்தால் மலிவு விலைக்குத் தள்ளுவண்டிக்காரர்களிடம் போய்விடும். ஆனால் ஒரு பார்ட்டி தன் சொந்த அச்சு கொடுத்துச் செய்யச் சொன்ன பொம்மை அப்படி வெளியே போகக் கூடாது. பழுது என்று தெரிந்த உடனே உடைத்துவிட வேண்டும். அது எங்கள் கம்பெனி வழக்கம்.

அக்கா புதன்கிழமை லீவு. மங்கலம்பேட்டையில் தோழி வீட்டு ஆடிப் படையல். அதனால் லேப்டாப்பில் ஓடிய எதையும் அவர் பார்க்கவில்லை.

நான் ஸ்டோரிலிருந்து திரும்பியபோது படம் வரைகிற பெண் சோர்ட்டிங் மேசைக்குப் பக்கத்தில், உடைசல் கூடையைப் பார்த்தபடி நின்றாள். கூடைக்குள் கவசங்கள், தோள்கள், சுருட்டை முடியோடு பாதித் தலைகள். தலைவி ஒருத்திகூட மிஞ்சவில்லை.

"என்னாக்கா இது?" என்றேன்.

"எல்லாம் கருகிப் போச்சு" என்றார் அக்கா. "ஒண்ணு விடாம கருகிப் போயிருக்குது. கூட வெந்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது, இது மட்டும் எப்பிடிக் கருகுச்சுன்னு நானே யோசிச்சுக்கினு இருக்கறேன்."

அவர் அப்படி நினைத்ததில் எங்கள் தொழிலின் கணக்கு ஒன்று இருக்கிறது. பெண் பொம்மையின் முகத்துக்கு நாங்கள் பூசுவது ஒரு வெளிர் ரோஸ். அது சூடு கூடினால் பழுப்படிக்கும். ஆகவே பெண் பொம்மை பழுப்பு முகத்தோடு வந்தால் சோர்ட்டிங்கில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"பூதத்த என்னா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"அது சரியாத்தான வந்திருக்குது. பெட்டியில வச்சுட்டேன்."

"அக்கா, ரெண்டுக்கும் ஒரே ஜாடி. ஒரே பழுப்பு."

அக்கா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பூதம் வைக்கோலில் பத்திரமாகப் படுத்திருந்தது. "பூதம் கறுப்பாத்தான இருக்கும்" என்றார்.

"தலைவி?"

"பொம்பள பொம்ம எப்பிடிம்மா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கூடைக்குள் கைவிட்டு, கன்னத்தோடு உடைந்திருந்த ஒரு சில்லை எடுத்தார். யாரும் சொல்லாமலே அதைத் தன் முழங்கைக்குக் கீழே வைத்துப் பார்த்தார். நிறம் அப்படியே சேர்ந்தது.

"எங்கலரு" என்றார். உடனே கோபம் வந்துவிட்டது. "அப்ப மொதல்லியே ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா? நாக்குல சுளுக்கா எல்லாருக்கும்? இத்தினி வருசமா இந்த மேசையில எத்தினி பொம்மயப் பாத்திருப்பேன்! ஒரு மகராசிக்காவது இந்தக் கலரு அடிச்சு அனுப்பியிருக்கீங்களா?"

என் அலமாரியிலேயே ரோஸ் ஜாடியின் லேபிளில் 'தோல்' என்றும் பழுப்பு ஜாடியில் 'மரம்' என்றும்தான் இருந்தது. மாமரம், குதிரை, மாட்டுவண்டிச் சக்கரம், பூதம் எல்லாம் அந்த ஜாடியிலிருந்து வரும். மூன்று பெயிண்டர்களும் நானும் அக்காவும் அந்த இரண்டாவது ஜாடியின் நிறம்தான். என் அடையாள அட்டையில் போட்டோக்காரர் வெளுப்பாக்கி வைத்திருக்கும் பெண்ணை எனக்கு யாரென்றே தெரியாது.

படம் வரைகிற பெண் அழவில்லை. கவிழ்த்து வைத்த ஒரு தட்டின்மேல் உட்கார்ந்தாள். "வுடுங்கக்கா. கூர்க்காதுக்காரியே முன்னாடி நிக்கட்டும். நாளைக்குக் காலையில நான் ரயிலு ஏறணும்" என்றாள்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். நல்ல மனிதர், சிக்கல் வந்தால் அதில் மிகச் சுலபமான வழியைப் பிடித்துக்கொள்வார். "வெள்ளப் பீசு கையில இருக்குது இல்ல மேடம்? வழக்கமான தோல் கலரே அடிச்சுக் குடுத்துருங்க. சேஃப்டி. நான் பார்ட்டிகிட்ட பேசிக்கறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அங்கேயே போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். சென்னை முதலாளியின் குரல் அவசரமாக வந்தது. "உடைஞ்சிடுச்சா? சரி விடுங்க. லைட்டாவே பண்ணிடுங்க, அதுவே பெட்டர். டைம் இல்ல."

அச்சில் வார்க்கும்போது உடைசலுக்கென்று எப்போதும் கூடுதலாக வார்ப்போம். தலைவியின் வெள்ளை உருவங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. அதனால் எந்த நிறம் என்பது மட்டும்தான் கேள்வி.

"சார், ரோஸ் அடிக்கறதுக்கும் பழுப்பு அடிக்கறதுக்கும் அதே நேரந்தான். அதே சூளதான்" என்றேன் முதலாளியிடம். "அவங்க அனுப்புன படத்துல தலைவி பழுப்பு. நான் பழுப்புதான் அடிப்பேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எதிர்த்துப் பேசி அவர் அதிகம் கேட்டதில்லை. போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் எழுந்து நின்று வாங்கினாள். "சார், பொம்மையா பாத்துட்டுச் சொல்றேன்னு நீங்கதான சொன்னீங்க? இன்னும் நீங்க பாக்கவே இல்ல. பாக்காம எப்படி சார் பெட்டர்னு சொல்றீங்க? நாளைக்குக் காலையில ரயிலுக்கு முன்னாடி போட்டோ அனுப்பறேன். புடிக்கலன்னா அப்ப சொல்லுங்க."

"காலையில வரலன்னா கவர்ல எல்ஃப்தான்" என்று சொல்லி அவர் போனை வைத்தார். எல்ஃப் என்பது காட்டுப்பெண்ணின் இனத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்.

நான் கூடையிலிருந்து நாலைந்து சில்லுகளை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். முன்பு செய்ததையே மறுபடி செய்வதற்கு முன் அது ஏன் தவறிப்போனது என்று பார்ப்பேன். வெளிச்சத்தில் பிடித்தபோது விஷயம் புரிந்தது. மூக்கில் நிறம் வெளிறியிருந்தது; கழுத்து மடிப்பில் தேங்கிக் கறுத்திருந்தது; ஒரு சில்லில் கன்னம் திட்டுத்திட்டாக இருந்தது. அக்காவின் கண் முழுக்கப் பொய் சொல்லவில்லை. ரோஸ் முகத்துக்கு எங்கள் கைகள் பழகியவை: கன்னத்தில் சிவப்பை ஒற்றுவோம், இமைக்கு மேல் நிழல் வைப்போம், உதட்டுக்கு ஓரம் கட்டுவோம். பழுப்புக்கோ ஒரே இழுப்பு, அவ்வளவுதான். தோலைத் தீட்டுவதாக நினைத்துக்கொண்டு நாங்கள் மரத்தைத் தீட்டியிருந்தோம். பூதத்தின் முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதால் அது தப்பித்துக்கொண்டது.

பெயிண்டர்களைக் கூப்பிட்டேன். "பழுதுன்னா ஒவ்வொரு பொம்மையிலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். நாமளா முடிவு பண்ணி வச்சது எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கும். பாக்கறவன் கருகிப்போச்சுன்னு நெனைக்கக் கூடாது. அதுக்கு எல்லாத் தலைவியும் ஒரே நெறத்துல நிக்கணும்" என்றேன்.

நிறத்தை நானே எடை போட்டுக் கலந்தேன். ஒரே கிண்ணம், மூன்று பேரும் அதில்தான் தொட வேண்டும். கெட்டியாக ஒரு பூச்சுக்குப் பதில் மெல்லிய பூச்சாக இரண்டு. ஒவ்வொன்றையும் ஈரம் காயும் முன் ஸ்பாஞ்சால் ஒற்றிச் சமப்படுத்தல். கன்னத்துக்கும் உதட்டுக்கும் அதே பழுப்பில் செங்கல் சிவப்பைச் சேர்த்தோம். உள்ளங்கை மட்டும் வெளிர். கண்ணின் வெள்ளையில் நிறம் ஒரு துளிகூடப் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். படம் வரைகிற பெண் லேப்டாப்பைத் திறந்து வைத்து, முகத்தில் வெளிச்சம் எங்கே விழும் என்று காட்டினாள். கறுத்த தோலில் வெளிச்சம் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் பளிச்சென்று நிற்கும் என்றாள். அதற்குத் தனியாக வண்ணம் வேண்டாம், முகத்தைச் சமமாகத் தீட்டினால் பீங்கானின் பளபளப்பே அதைச் செய்துவிடும் என்றேன். அவள் யோசித்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல இதுக்குத்தான் ரெண்டு வாரம் ஒழைச்சேன்" என்றாள்.

இடையில் பழுப்பு ஜாடியின் லேபிளைக் கிழித்துவிட்டுப் புதிதாக 'தோல் - 2' என்று எழுதி ஒட்டினேன். ரோஸ் 'தோல் - 1' ஆனது. மூத்த பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டு, "நாம எப்பவும் ரெண்டாவதுதானா?" என்றாள். நியாயமாகப் பட்டது. மாற்றி எழுதினேன்.

சோர்ட்டிங் அக்கா தன் மேசைக்குத் திரும்பவே இல்லை. வந்து பெயிண்டர்களுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கன்னத்தில் எங்கே சிவப்பு வரும், காதுக்குப் பின்னால் எவ்வளவு கறுக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தே மூன்று பேரும் தீட்டினார்கள்.

"அக்கா, கொஞ்சம் அசையாம இருங்க. தலைவி இவ்ளோ பேச மாட்டா."

"பேசாத தலைவி என்னாடி தலைவி? சும்மா நின்னுக்கினு இருந்தா கோட்டைக்குள்ள எவன் பயப்படுவான்?"

"ஒங்களுக்குக் கோட்ட குடுத்தா என்னாக்கா பண்ணுவீங்க?"

"மொதல்ல ஒங்க மூணு பேரயும் வெளிய தள்ளிக் கதவச் சாத்துவேன்."

படம் வரைகிற பெண் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு போனை எடுத்து அக்காவின் முகத்தை இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொண்டாள். "அடுத்த கேம்ல பொம்பள பூதம் வைக்கலாம்னு இருக்கேங்கா" என்றாள்.

"வெய்யி. ஆனா அழகா வெய்யி. அந்தக் கூர்க்காதுக்காரிக்கும் ஒரு துணியக் குடு, பாவம்."

தீட்டி முடித்ததை ஒவ்வொன்றாக வாங்கி ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். இரண்டைத் திருப்பிக் கொடுத்துத் துடைத்து மறுபடி தீட்டச் சொன்னேன்; முணுமுணுத்துக்கொண்டே தீட்டினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. சூளைக்குள் ஒன்றோடொன்று முட்டாமல் இடம்விட்டு அடுக்கினேன். சுடுவதற்கு முன் அந்த வண்ணம் உலர்ந்த சாணி போல மங்கலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து அந்தப் பெண்ணின் முகம் வாடியது. காலையில் பார் என்று மட்டும் சொன்னேன். எனக்குச் சந்தேகம் இல்லை. என் எடையும் என் கிண்ணமும் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, நாட்குறிப்பில் வண்ணக் கலவையின் அளவை எழுதி வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஜாடிகளைத் துடைக்கவில்லை. போனதும் முதலில் சூளையைத்தான் திறந்தேன். ஆறியிருந்தது. மேல்தட்டை வெளியே இழுத்து, கதவுக்கருகே வெயில் விழும் பலகையில் வைத்தேன். தலைவிகள் வரிசையாக நின்றார்கள். மங்கல் எல்லாம் போய் நல்ல அடர்ந்த நிறம். கன்ன எலும்பில் காலை வெயில் ஒரு கோடாகப் பளிச்சிட்டது. ஒன்றுக்கு ஒன்று துளி வித்தியாசமில்லை. படம் வரைகிற பெண் பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து பார்த்தாள். பெட்டியிலிருந்து காட்டுப்பெண்ணையும் பூதத்தையும் எடுத்து வந்து பக்கத்தில் நிறுத்தி, போட்டோ எடுத்து அனுப்பினாள்.

அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு தலைவியையும் எடுத்து நகத்தால் தட்டி, கட்டை விரலால் தடவி, பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்துவிட்டார். போன் சத்தமிட்டது. அந்தப் பெண் படித்துவிட்டு எங்களுக்குச் சத்தமாகவும் படித்தாள்: "சூப்பர். இவதான் கவர்."

மூத்த பெயிண்டர் கை தட்டினாள். அக்கா நிமிரவில்லை. ஒரு தலைவியை மட்டும் பெட்டியில் வைக்காமல் ஒதுக்கினார்.

"ஏங்கா, அது நல்லாத்தான இருக்குது?" என்று அந்தப் பெண் பதறினாள்.

"கலரு கரெக்டு" என்றார் அக்கா. "முழங்கையில ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்ட இருக்குது, பாரு. இது போவாது."

நான் வாங்கிப் பார்த்தேன். இருந்தது.